விளிம்புவரை அச்சு: ‘பார்டர்லெஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன?

தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் இருக்கையில், மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் தமிழ் கற்பிக்கும் மாலை வகுப்பின் பிள்ளைகள் அழைப்பு அட்டை ஒன்றைக் கணினியில் வரைந்து, அதன் நான்கு பக்கமும் கம்பிக் கோலத்தால் கரை கட்டியிருந்தார்கள். அச்சிடும் நேரத்தில் பிரிண்டரின் பட்டியலில் ‘சான் போர்தியூர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்த மாணவி ஒருத்தி, “மிஸ், இதைத் தொட்டால் நம் கோலம் போய்விடுமா?” என்று கேட்டாள். கரையில்லாமல் என்று அவள் பொருள்கொண்டது மொழியளவில் சரியே. அந்தத் தெரிவு நீக்குவது கோலக்கரையை அன்று, அச்சுப்பொறி தாளைச் சுற்றி விடும் வெள்ளைப் பட்டையைத்தான் என்று விளக்க முற்பட்டபோது, சொல்வதற்குத் தகுந்த தமிழ்ச் சொல் என் நாவில் இல்லை.

ஆங்கிலத்தில் இதைப் ‘பார்டர்லெஸ்’ என்கிறார்கள். பொறியின் தமிழாக்கங்களில் இது பெரும்பாலும் ‘எல்லையற்ற அச்சிடுதல்’ என்று வருகிறது. எல்லை என்பது ஊருக்கும் நாட்டுக்கும் அளவுக்கும் உரிய சொல். எல்லையற்றது என்றால் முடிவில்லாதது, இறைவனுக்குச் சொல்வது. ஒரு தாளில் முடிவில்லாமல் எதை அச்சிடுவது? ஆங்கிலத்தில் நாட்டின் எல்லைக்கும் படத்தின் ஓரத்துக்கும் ‘பார்டர்’ என்ற ஒரே சொல் நிற்பதால் இந்தத் தவறு நேர்ந்தது. பிரெஞ்சு இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது: நாட்டின் எல்லை ‘ஃப்ரோந்தியேர்’, துணிக்கும் படத்துக்கும் உள்ள கரை ‘போர்தியூர்’. மொரிஷியஸில் இரண்டையும் நாள்தோறும் கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் குழப்பம் வந்திருக்க வேண்டியதில்லை.

ஆங்கிலப் ‘பார்டர்’ பழைய பிரெஞ்சுப் ‘போர்தியூர்’ வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது ‘போர்’, அதாவது ஓரம், கப்பலின் பக்கவாட்டு. பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் கிரியோல் மொழியில் கடற்கரையைப் ‘போர் லாமேர்’ என்கிறோமே, அதே ‘போர்’. தமிழிலும் ஆற்றங்கரை, கடற்கரை என்னும் அதே ‘கரை’ வேட்டிக்கும் சேலைக்கும் வருகிறது. நீர் முடியும் இடத்தையும் துணி முடியும் இடத்தையும் இரு மொழியும் ஒரே கண்ணால் பார்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆயினும், கரை என்பது நாம் விரும்பிப் போடும் அழகு. பொறி விடும் வெள்ளையை எவரும் கேட்டு வாங்குவதில்லை. ஆகையால் ‘கரையில்லா அச்சு’ என்பதையும் ஏற்க முடியவில்லை.

வேறு சில பொறிகளில் இதே தெரிவு ‘சான் மார்ஜ்’ என்று எழுதப்பட்டிருக்கும். ‘மார்ஜ்’ விளிம்பைக் குறிக்கும் ‘மார்கோ’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; நாம் பள்ளி நோட்டில் விடும் ‘மார்ஜின்’ அதன் உறவு. இதைப் பின்பற்றி ‘விளிம்பில்லா அச்சு’ என்று எழுதுவோர் உண்டு. விளிம்பில்லாத தாள் உலகில் இல்லை. இல்லாமல் போவது விளிம்பை ஒட்டிய வெறுமை மட்டுமே; அதை ‘வெற்றோரம்’ எனலாம். அது இல்லாத அச்சு விளிம்பைத் தொடுகிறது என்பதால், ‘விளிம்புவரை அச்சு’ என்ற தொடரையே நான் பரிந்துரைக்கிறேன். காவடியன்று பாற்குடத்தில் விளிம்புவரை பால் நிற்பதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இது விளக்கமின்றிப் புரியும். ‘அச்சு’ பற்றிக் கவலை இல்லை; அச்சு வெல்லத்திலும் அச்சு முறுக்கிலும் இருக்கும் வார்ப்பின் பொருளே நீண்டு காகிதத்துக்கும் வந்திருக்கிறது.

வெற்றோரம் ஏன் விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சொல்லின் பொருத்தம் விளங்கும். மை தெளிக்கும் வீட்டுப் பொறியில் தாளின் தொடக்கத்தையும் முடிவையும் உருளைகள் பற்றி இழுக்க வேண்டும். தாளைத் தாண்டி மை சிந்தவும் கூடாது. அதனால் பொறி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஓரத்தை விட்டே அச்சிடும். விளிம்புவரை அச்சைத் தேர்ந்தெடுத்தால், பொறி படத்தைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக்கி, மிகுந்த மையை அடியிலுள்ள உறிஞ்சு பஞ்சில் விழவிடுகிறது. பாற்குடம் சற்றே வழிவது போலத்தான் இதுவும். பஞ்சு நிறைந்துவிட்டால், எச்சரிக்கை காட்டிப் பொறி வேலையை நிறுத்திவிடும். ஆகவே எல்லாத் தாளுக்கும் இந்தத் தெரிவை வைத்திருப்பது நல்லதன்று. லேசர் பொறியில் தூள் மையைச் சூட்டில் பதிக்கும் உருளை அழுக்காகும் என்பதால், வீட்டு லேசர் பொறிகள் பெரும்பாலும் இந்த வசதியைத் தருவதில்லை.

எங்கள் அட்டைக்கு நேர்ந்தது இதிலிருந்தே புரியும். கோலம் தாளின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டரில் இருந்தது. படம் பெரிதானபோது இடப்பக்கக் கோலத்தின் வெளிச்சுழிகள் முழுவதும் தாளுக்கு வெளியே போயின; தாள் இம்மியளவு நகர்ந்திருந்ததால் வலப்பக்கம் மட்டும் தப்பியது. மாணவியின் அச்சம் பாதி உண்மையாகிவிட்டது.

விளிம்புவரை அச்சிட்டும் ஒரு பக்கம் வெள்ளை தெரிந்தால், முதலில் தாள் அளவைப் பாருங்கள். 210 × 297 மில்லிமீட்டர் கொண்ட ஏ4 தாளை வைத்துவிட்டுப் பட்டியலில் அமெரிக்க ‘லெட்டர்’ அளவைத் தேர்ந்திருப்பது மிகச் சாதாரணமான பிழை. பல பொறிகள் சாதாரணத் தாள் என்று குறித்தால் இந்தத் தெரிவையே மறைத்துவிடும். புகைப்படத் தாள் என்று மாற்றினால் அது தோன்றும். நம் ஜனவரி மாத ஈரக்காற்றில் திறந்து வைத்த தாள் சுருண்டு, மையைத் தெளிக்கும் மைத்தலையில் உரசி, ஓரங்களில் கறை படியும். தாளை உறையிலிட்டு மூடி வைத்து, அச்சிடும்போது மட்டும் எடுப்பதே வழி. தாளின் பின்புறம் மை ஒட்டினால், வெற்றுத் தாள்கள் இரண்டை உள்ளே செலுத்தி எடுக்க வேண்டும். படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் வந்தால், மைத்தலையின் நுண்துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். சோதனைத் தாள் எடுத்துப் பார்த்து, சுத்தம் செய்யும் தெரிவை இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓட்டாமல் சில மணி நேரம் பொறுத்திருங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறையும் மை செலவாகிறது.

அச்சகத்தார் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார்கள். படத்தைப் பொதுவாக 3 மில்லிமீட்டர் மிகையாக வரைந்து, பெரிய தாளில் அச்சிட்டு, பின்பு வெட்டுகிறார்கள். இந்த மிகையைப் பிரெஞ்சு அச்சகங்களில் ‘ஃபோன் பெர்தியூ’, இழந்த தளம், என்பார்கள். இதற்கு ‘வெட்டுமிகை’ என்பது பொருந்தும். அதன்படி, கோலத்தை 7 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, பின்னணி நிறத்துக்கு மட்டும் வெட்டுமிகை கொடுத்து, 148 × 210 மில்லிமீட்டர் அட்டையை ஏ4 தாளின் நடுவில் சாதாரண முறையிலேயே அச்சிட்டோம். இரும்பு அடிக்கோலை வைத்துக் கத்தியால் நான்கு பக்கமும் வெட்டிய பின், நிறம் விளிம்புவரை வந்தது. கோலக்கரையும் நான்கு பக்கத்திலும் ஒரே அளவாக நின்றது.