மாத்திரையை நம்பிக் கிளைடர் ஏறாதீர்கள்

கிளைடர் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளோடுதான் வருவார்கள்: “டாக்டர், வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க. தூக்கம் வராததா இருக்கணும்.” நான் புனேயில் காது மூக்கு தொண்டை மருத்துவர். இங்கே ஹடப்சரில் கிளைடர் பறக்கிற பிள்ளைகள் அவ்வப்போது வருவதுண்டு. சிலர் அதற்குள்ளாகவே, மலைப்பாதை பஸ் பயணத்துக்கு அம்மா கொடுக்கும் அவோமின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பறந்தும் பார்த்திருப்பார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

அந்த மாத்திரைப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அவோமினில் இருப்பது புரோமெத்தசின். குமட்டலை அடக்கும், சந்தேகமில்லை. கூடவே மூளையையும் மந்தமாக்கும். மற்ற வாந்தித் தடுப்பு மருந்துகளான சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் ஆகியவற்றின் குணமும் ஏறக்குறைய அதுதான். ஸ்கோபோலமின் என்ற மருந்து பக்கத்தில் இருப்பதை மங்கலாகத் தெரியவைக்கும், வாயை உலர்த்தும். “எனக்குத் தூக்கமே வரலியே” என்பது கணக்கில் வராது. முடிவெடுக்கும் வேகம் குறைந்திருப்பது குறைந்தவருக்குத் தெரிவதில்லை. கிளைடரில் எஞ்சின் கிடையாது. இறங்க வரும்போது கணக்குத் தப்பினால் மறுபடி மேலேறிச் சுற்றி வர வழியில்லை. சும்மா உட்கார்ந்து வருகிற பயணி மாத்திரை போடலாம். ஓட்டுகிறவர் கூடாது. இஞ்சி மரப்பா, மணிக்கட்டுப் பட்டை இரண்டும் கெடுதல் செய்யாது, அவ்வளவுதான்.

குமட்டலுக்குக் காரணம் வயிற்றில் இல்லை, காதில் இருக்கிறது. உட்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை திரும்புவதை உணர்வது அவற்றில் இருக்கும் திரவம். தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், உயரம் ஏறக் கிளைடர் 45 டிகிரி சாய்ந்து, 15 முதல் 20 விநாடிக்கு ஒரு வட்டம் என்று நிமிடக்கணக்கில் சுற்றுகிறது. சீராகச் சுற்றத் தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் குழல் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்து, ‘நாம் திரும்பவில்லை’ என்கிறது. கண்ணோ பூமி சுழல்வதைப் பார்க்கிறது. அந்தச் சாய்வில் உடம்பின் எடை 1.4 மடங்காகத் தெரிகிறது. போதாததற்குத் தெர்மலின் குலுக்கல் வேறு. சேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது மூளை குமட்டலில் போய் நிற்கிறது. இரண்டு உட்காதும் செயலிழந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை. ஆக, வாந்தி வருகிறது என்றால் உங்கள் காது வேலை செய்கிறது என்று பொருள். துணிச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1961இல் வோஸ்டாக் 2 கலத்தில் போன சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிடோவுக்கு விண்வெளியிலேயே வாந்தி வந்தது, அவர் போர் விமானி.

வட்டமடிக்கும்போது குனிவதுதான் ஆகப் பெரிய வினை. ஒரு அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும் தலையை இன்னொரு அச்சில் சாய்த்தால் குழல்கள் உருண்டு விழுவதுபோல ஒரு பொய் உணர்வைக் கொடுக்கும். வரைபடம், தண்ணீர் பாட்டில், மடியில் இருக்கும் போன் எதுவாக இருந்தாலும் வட்டத்தை விட்டு நேராகப் பறக்கும்போது பாருங்கள். மற்ற விமானங்களைத் தேடித் தலையைத் திருப்பத்தான் வேண்டும், அதில் சமரசம் இல்லை. நிதானமாகத் திருப்புங்கள். ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர் ஒலியெழுப்பும் வகையாக இருந்தால் ஏற்ற இறக்கத்தைக் காதாலேயே கேட்கலாம். கண் தொடுவானத்தில் நிற்கட்டும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. கிளைடரின் சிறகு நீளம் என்பதால், வாலில் உள்ள ரட்டரைக் காலால் சேர்த்து மிதிக்காமல், கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை மட்டும் சாய்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், வால் அலையும். கனோபியில், அதாவது தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில், ஒட்டியிருக்கும் கம்பளி நூல் நேராக இல்லையென்றால் உடம்பு பக்கவாட்டில் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்த இழுப்புதான் பாதிக் குமட்டல் என்பது என் கணிப்பு. கால் பழகப் பழக வயிறும் அடங்குவதைப் பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஸ்டிக் கையில் இருக்கும்போது தொல்லை குறைவதும் உண்மை. அடுத்த அசைவு எது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிகிறது. குமட்டினால் “நான் ஓட்டட்டுமா?” என்று கேளுங்கள்.

“ஒரு தடவை நல்லா வாந்தி எடுத்துட்டா சரியாயிடும்” என்று மூத்த மாணவர்கள் அறிவுரை சொல்வார்கள். எனக்கு இதில் கோபமே வரும். வாந்தி வரை இழுத்துக்கொண்டு போனால் மூளை கற்பது சகிப்பு அல்ல, அருவருப்பு. பிறகு காக்பிட்டின் வாசனையே வயிற்றைப் புரட்டும். பழக்கம் வருவது வேறு வழியில்: கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல் என்று முதல் அறிகுறி தெரிந்ததுமே வட்டத்தை நிறுத்தி, சிறகை மட்டமாக்கி, அமைதியான காற்றுக்குப் போய்விட வேண்டும். தணியவில்லையா, இறங்கிவிடுங்கள். அடுத்த முறை இன்னும் சில வட்டங்கள். காலை நேரத்து அமைதியான காற்றில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மதியத் தெர்மலுக்கு நகருங்கள். இடைவெளி விடாமல் பறப்பது முக்கியம்; நெடுநாள் விட்டால் பழக்கம் கரைந்துவிடும். பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்-விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் விமானிகளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்குவதும் இதே படிப்படி முறைதான்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் முன்னால், நீங்கள் பின்னால். வெளிறிய முகம் உங்களுக்குத் தெரியாது. வளவளவென்று பேசி வந்தவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல ஆரம்பித்தால் அதுதான் உங்களுக்கான அறிகுறி. சிலருக்குக் குமட்டல் துளியும் இல்லாமல் வெறும் அசதியும் அக்கறையின்மையும் மட்டும் வரும். சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பூரியும் வேண்டாம்; இரண்டு இட்லி போதும். கனோபிக்குள் வெயில் காலத்தில் கொதிக்கும், ஆகவே தண்ணீரும் தொப்பியும் அவசியம். பக்கத்துச் சன்னலைத் திறந்து முகத்தில் காற்று படவிடுங்கள்.

தனியாகப் பறக்கும்போது குமட்டல் வந்தால், உயரம் கையில் இருக்கும்போதே முடிவெடுங்கள். உயரத்தைக் குறைக்க உதவும் ஏர்பிரேக்கைத் திறந்து இறங்க வாருங்கள். தரைக்கு அருகில் கடைசித் திருப்பத்தில் வாந்தியோடு போராடும் நிலைக்குப் போகாதீர்கள். வாய் கட்டக்கூடிய பை ஒன்று, கை எட்டும் பக்கப் பையில் எப்போதும் இருக்கட்டும். காக்பிட் தரையில் போட்டால் உருண்டு ரட்டர் பெடலுக்குள் சிக்கும்.

கடைசியாக என் துறை சார்ந்து. படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுவது, ஒரு காதில் இரைச்சல் அல்லது கேட்கும் திறன் குறைவது, ஒற்றைத் தலைவலியோடு சுற்றல் வருவது, இறங்கி மறுநாளும் நடை தள்ளாடுவது: இவை விமானக் குமட்டல் அல்ல. நன்றாகப் பறந்து பழகியவருக்குத் திடீரெனத் தொடங்கினாலும் அப்படியே. அடுத்த பறப்புக்கு முன் காது மருத்துவரைப் பாருங்கள். போட்டுக்கொண்ட மாத்திரை எதுவானாலும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.