திரைக்குள் இருக்கும் பப்பாளி

கொக்குவிலில் அக்கா வீட்டு விறாந்தையில் அவரின் பேரன் போனில் பழப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வயது. திரை "பப்பாளி" என்றால் அவனும் "பப்பாளி" என்பான். பின்வளவுப் பப்பாசி மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய், "இது என்ன ராசா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தான்.

"நாள் முழுக்கப் பார்க்கிறான், ஒண்டும் மண்டைக்குள்ள ஏறேல்லையே" என்றார் அக்கா.

பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. 1998இல் ஜோர்ஜீன் ரொசெத், ஜூடி டெலோச் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்து வைப்பதை யன்னல் வழியே பார்த்த இரண்டு வயதுப் பிள்ளைகள் நேரே போய் எடுத்துவிட்டார்கள். அதையே ரீவியில் பார்த்த பிள்ளைகள் பலர் தடுமாறினார்கள். இரண்டரை வயதுக்காரருக்கு அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் இல்லை.

இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். ரீவியில் வருபவர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதைப் பிள்ளை எப்போதோ கவனித்திருக்கும். அதனால் அவர் சொல்வதைத் தன் வீட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 2006இல் ரொசெத் குழு இதையும் சோதித்தது. திரையில் இருந்தவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அது சொல்வதற்குப் பதில் சொல்லி, ஐந்து நிமிடம் கதைத்தார். பிறகு பொம்மை இருக்குமிடத்தை அவர் சொன்னதும் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்!

நல்ல முன்பள்ளி நிகழ்ச்சிகள் இந்தப் பேச்சைப் போலச் செய்து பார்க்கின்றன. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'புளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியில் கேள்வி கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். பிள்ளைகள் விடையைக் கத்திச் சொல்வார்கள். ஒரே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து போட்டார்கள். முதல் நாள் கதையைப் பிடிக்கவே நேரம் போய்விடும். போகப் போகத்தான் விடை சொல்ல வாய் வரும். ஆகவே "அதையே போடு" என்று அழும் பிள்ளையோடு தயவுசெய்து மல்லுக்கு நிற்காதீர்கள்.

என்றாலும் பிள்ளை சொன்னது சரியா பிழையா என்று அந்த நிகழ்ச்சிக்குத் தெரியாது. அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். நேரமும் அளவோடு: 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல்.

அடுத்த நாள் அக்கா போனை நிறுத்தி, வெட்டிய பழத்தைத் தட்டில் வைத்தார். "இதைத்தான் ராசா அவை பப்பாளி எண்டினம். நாங்கள் பப்பாசி எண்டுவம்." அவன் ஒரு துண்டை எடுத்துத் திரையில் இருந்த படத்தின்மேல் வைத்து அழுத்தினான்.