பிள்ளை வரைந்த படமும் கிராக் சாஃப்ட்வேரும்

போன கோடை விடுமுறையில் பேட்டையிலிருந்து ஒரு தகப்பனாரும், பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அவர் மகளும் கடைக்கு வந்தார்கள். சிபியுவைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். “அண்ணாச்சி, பிள்ள வரைஞ்ச படம் ஒண்ணுகூட திறக்க மாட்டேங்கு. என்னன்னு கொஞ்சம் பாருங்க” என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. அழுது முடித்த முகம்.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 18 வருடம் ஆகிறது. சிஸ்டத்தை ஆன் செய்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஃபோல்டரில் படங்கள் எல்லாம் இருக்கின்றன. பெயர்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பெயரின் வாலிலும் பொருளில்லாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடவே ஃபோல்டருக்கு ஒன்றாக ‘ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்தால், உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் 980 டாலர் தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர் என்று எழுதியிருக்கிறது. முழுத் தொகை நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கு மேல். அந்த சிஸ்டத்தையே பழசாக 15,000 ரூபாய்க்குத்தான் வாங்கியிருந்தார்கள்.

இதற்கு ‘ஸ்டாப் டிஜேவு’ என்று பெயர். 2018 கடைசியிலிருந்து பரவிய ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ் குடும்பம். பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகிற ரகம் இல்லை இது. வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் பிடிக்கும். வருகிற வழியும் பெரும்பாலும் ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரை இலவசமாகத் திறந்துவிடுகிற கிராக், கீஜென்.

அந்தப் பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். படம் வரைகிற ஒரு பிரபலமான சாஃப்ட்வேருக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும், அப்பாவிடம் கேட்க மனமில்லை. ஒரு வீடியோவின் கீழே இருந்த லிங்க்கை அழுத்தியிருக்கிறாள். இறங்கிய ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருந்தது. ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள் என்று வீடியோவில் சொன்னார்கள், அப்படியே செய்தாள். சாஃப்ட்வேரும் திறந்தது. இரண்டு மணி நேரம் வரைந்திருக்கிறாள். மறுநாள் காலையில் எல்லாம் பூட்டிக் கிடந்தது.

அந்த இரண்டு அடையாளத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்புக்கு எதற்குப் பாஸ்வேர்டு? உள்ளே என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான். பிறகு ஆன்டிவைரஸையே ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். வாசலில் நிற்கிற வாட்ச்மேனை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி. எந்த ஒழுங்கான சாஃப்ட்வேரும் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்காது. இந்த வைரஸோடு பாஸ்வேர்டுகளைத் திருடுகிற இன்னொன்றும் அடிக்கடி சேர்ந்தே வரும் என்பது பலருக்குத் தெரியாது. தகப்பனாரின் மெயிலும் பேங்க் கணக்கும் அதே சிஸ்டத்தில்தான் திறந்து கிடந்தன. எல்லாப் பாஸ்வேர்டையும் அவருடைய போனிலிருந்து அன்றைக்கே மாற்ற வைத்தேன்.

சரி, படங்கள் என்ன ஆயின? இந்த வைரஸுக்கு எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் ஒரு சாவி நிரலை இலவசமாக வெளியிட்டது. பழைய வகைகள் பலவற்றுக்கு அது வேலை செய்யும். புதிய வகைகளில், பூட்டும் நேரத்தில் நெட் கனெக்‌ஷன் இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. நெட் இருந்திருந்தால் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனிச் சாவி, அது திருடனிடம் மட்டும்தான் இருக்கும். இவள் சிஸ்டத்தில் நெட் இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு சின்ன இடுக்கு இருந்தது. வேகமாக வேலையை முடிக்க வேண்டும் என்பதால் இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். அதைவிடச் சின்ன ஃபைல் என்றால் முழுவதும் போய்விடும். பெரிய ஃபைலில் மிச்சப் பகுதி கை படாமல் அப்படியே கிடக்கும். இந்தப் பிள்ளை முந்தைய வருடம் முழுக்க வரைந்தது கிரிட்டா என்ற இலவச சாஃப்ட்வேரில். கிரிட்டாவின் கேஆர்ஏ ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். உள்ளே ஒவ்வொரு லேயரும், அதாவது படத்தின் ஒவ்வொரு அடுக்கும், தனித்தனியாக இருக்கும். எல்லா லேயரும் சேர்ந்த முழுப் படமும் பிஎன்ஜி என்கிற சாதாரணப் பட ஃபைலாக உள்ளேயே இருக்கும். பூட்டிய பகுதிக்கு அப்பால் அந்த பிஎன்ஜி இருந்துவிட்டால் உருவி எடுத்துவிடலாம். ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து, வாலில் இருந்த எழுத்தை நீக்கி, ஜிப்பாகத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அறுபது சொச்சம் படத்தில் பதினேழு கிடைத்தன. அவையும் லேயர் கலைந்து ஒரே தாளாக ஆன படங்கள்தான், இனி மூக்கை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. தாமிரபரணியில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயில் பாதி முழுகி நிற்கிற ஒரு படத்தை ஆறு வாரம் வரைந்திருக்கிறாள். அது கிடைத்த பதினேழில் இல்லை.

எனக்கு ஆறாதது இதுதான். கிரிட்டா அவள் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருந்தது. அதில் ஒரு வருடம் நன்றாக வரைந்தும் இருக்கிறாள். காசில்லாமல் கிடைப்பது மட்டம், நிஜமான ஓவியர்கள் காசு கொடுத்து வாங்குவதைத்தான் பயன்படுத்துவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கிராக் பக்கம் தள்ளியது.

கிரிட்டா, கேடிஇ என்ற திறந்த மூல நிரல் குழுவின் கீழ் வளர்ந்தது. சுவீடன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி, கிரையான் என்று பொருள். ஓவியர்களுக்கென்றே செய்தது. பிரஷ்களே நூற்றுக்கு மேல் கூடவே வருகின்றன, அச்சுக்குத் தேவையான சிஎம்ஒய்கே நிறமுறையும் உண்டு. போட்டோவைத் திருத்த கிம்ப் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் 1995இல் தொடங்கியது, 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்துவிட்டது. லோகோ, பார்டர், சேலை டிசைன் மாதிரி எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடு வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப், அது 2003இலிருந்து இருக்கிறது. மூன்றுக்கும் காசு கிடையாது. வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம், வரைந்ததை விற்கவும் செய்யலாம். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை. வருமானம் வருகிற நாளில் தாராளமாக வாங்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது இல்லாமல் ஒரு குறையும் வராது.

இறக்குவதிலும் கவனம் வேண்டும். தேடும்போது மேலே விளம்பரம் என்று வருவதை அழுத்தாதீர்கள். 2022இல் கிம்ப் பெயரிலேயே கூகுள் தேடலில் ஒரு போலி விளம்பரம் வந்தது. பார்ப்பதற்கு நிஜத் தளத்தின் முகவரி, அழுத்தினால் போவது பெயர் சற்று மாறிய இன்னொரு தளம், இறங்குவது பாஸ்வேர்டு திருடுகிற விடார் என்ற நிரல். அதனால் கிரிட்டா.ஆர்க், கிம்ப்.ஆர்க், இங்க்ஸ்கேப்.ஆர்க் என்று முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிரிட்டாவுக்கு விலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இதுவும் காசுதானே என்று திரும்பியவர்கள் உண்டு. அந்த விலை, குழுவுக்கு ஆதரவாகக் கொடுக்கிற பணம். அதே சாஃப்ட்வேர் அவர்களுடைய தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பென் டேப்லெட், அதாவது கம்ப்யூட்டரில் சொருகிப் பேனாவால் வரைகிற பலகை, வாங்கியவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குகிறார்கள். பேனாவை அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை என்றால் உடனே டிரைவர் தேடிக் கண்ட கண்ட தளத்துக்குப் போகிறார்கள். டிரைவரை அந்த டேப்லெட்டைச் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கிரிட்டாவின் செட்டிங்கில் டேப்லெட் பகுதிக்குப் போனால் வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு தேர்வு இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது, புதுசு வாங்க வேண்டுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கேன்வாஸ் அளவைத்தான். ஏ4 தாளில் அச்சடிக்க 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல் போதும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டால் முழுக்க வண்ணம் தீட்டிய ஒரு லேயருக்குச் சுமார் 35 எம்பி, இருபது லேயர் போட்டாலும் 700 எம்பி. 8 ஜிபி ரேம் உள்ள பழைய சிஸ்டம் இதைத் தாங்கிவிடும். பெரிதாக இருந்தால் தெளிவாக இருக்கும் என்று பிள்ளைகள் 10,000க்கு 10,000 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது ஒரே ஒரு லேயருக்கு 400 எம்பி. இருபது லேயருக்குச் சாதாரண வீட்டு சிஸ்டம் திணறத்தான் செய்யும். அளவைக் குறைத்துக் கொடுத்ததும், புது சிஸ்டம் வாங்க வைத்திருந்த பணத்தோடு திரும்பிப் போன பெற்றோர் பலர்.

எங்கள் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புது சிஸ்டம் வாங்கும்போது “எல்லா சாஃப்ட்வேரும் போட்டுக் குடுத்துருங்க அண்ணாச்சி” என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கேட்டதைப் போட்டுக் கொடுத்து அனுப்புவது கடைக்காரர் வழக்கம். ஆரம்ப வருடங்களில் நானும் கிராக் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு என்று தெரிந்துதான் செய்தேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நிறுத்திப் பல வருடம் ஆகிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் போட்டு, அட்மின் பாஸ்வேர்டைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது சிஸ்டம் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும், பிள்ளை உங்களிடம் வர வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் திட்டாமல், என்னம்மா அது, எதுக்கு என்று கேட்டாலே போதும்.

அப்புறம் பேக்கப். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முழுகிக் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கடைக்குச் சேறு படிந்த சிபியுக்களாக வந்துகொண்டே இருந்தன. அவற்றில் டேட்டாவே எடுக்க முடியாமல் போனவை பலவும், ஈரம் காய்வதற்குள் ‘வேலை செய்யுதா’ என்று வீட்டிலேயே கரண்ட் கொடுத்துப் பார்த்தவை. நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அப்படியே கொண்டு வந்தால் ஏதாவது முயற்சி செய்யலாம். பேக்கப் வைத்திருந்த ஒரு வீட்டிலும் அந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க், சிபியுவுக்கு மேலேயே இருந்ததால் சேர்ந்து முழுகியிருந்தது.

வைரஸுக்கும் இதே கணக்குதான். சொருகியே வைத்திருக்கிற டிஸ்க்கையும் அது பூட்டிவிடும். வாரம் ஒரு நாள் சொருகி, காப்பி எடுத்து, உருவி, வேறு இடத்தில் வையுங்கள். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். பூட்டிய ஃபைல் தானாக அங்கே ஏறிவிட்டாலும் முந்தைய வடிவத்தை 30 நாள் வரை அது வைத்திருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

சிஸ்டம் இப்படிப் பூட்டிவிட்டால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். சொருகியிருக்கும் பென் டிரைவ், டிஸ்க் எல்லாவற்றையும் உருவுங்கள். பதற்றத்தில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், பூட்டிய ஃபைல்களில்தான் மீட்க ஏதாவது மிச்சம் இருக்கும். பணம் கட்டினாலும் சாவி வரும் என்று உறுதி இல்லை, கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிய படம் இருக்கிறதா என்று போனைத் தேடிப் பாருங்கள். பேங்க் பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண் அது.

அந்தப் பேட்டைப் பிள்ளை ஆடி மாதம் அப்பாவோடு மறுபடி வந்தாள். பழுது ஒன்றும் இல்லை, ஒரு பென் டிரைவ் வாங்க வந்திருந்தாள். குறுக்குத்துறையைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறாளாம், இந்தத் தடவை வெள்ளம் கோபுரத்துக்கு இன்னும் பக்கத்தில். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காப்பி எடுத்து ஆச்சி வீட்ல குடுத்துருதேன் மாமா. ஆச்சி மாடியிலதான் இருக்காவ” என்றாள்.