விசைப்புலப் பகுப்பாய்வு: 'சக்திக் கள ஆய்வு' ஏன் கூடாது?

சமூக மேம்பாட்டுப் பயிற்சிகளில் 'சக்திக் கள ஆய்வு' என்ற தொடர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு மாற்றத்தைத் தள்ளுவது எது, தடுப்பது எது என்று பிரித்துப் பார்க்கும் 'ஃபோர்ஸ் ஃபீல்டு அனாலிசிஸ்' என்ற முறையின் தமிழாம். மூன்று சொல்லுக்கும் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்றுமே சறுக்கல்.

இந்த முறையின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்ட் லெவின் (1890–1947) என்ற உளவியலாளர், பெர்லினில் பணியாற்றி 1933இல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். இயற்பியலின் புலக் கோட்பாட்டைக் கடன் வாங்கி மனித நடத்தைக்குப் பொருத்தினார். ஒரு நிலைமை மாறாமல் கிடக்கிறதென்றால், மாற்றத்தை நோக்கித் தள்ளும் விசைகளும் அதைத் தடுக்கும் விசைகளும் அங்கே சமனாகி நிற்கின்றன என்றார். செய்முறை எளிது. தாளின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அதுதான் இன்றைய நிலை. ஒரு பக்கம் தள்ளுபவை, மறுபக்கம் தடுப்பவை, எல்லாமே அம்புக்குறிகளாக. வலிமைக்கேற்ப அம்பின் நீளம் மாறும். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவோரும் உண்டு.

அந்த அம்புக்குறியே 'சக்தி'யை வீழ்த்தப் போதும். விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. சக்திக்குத் திசை கிடையாது. இலங்கைப் பாடநூல்களில் சக்தி என்றால் தமிழ்நாட்டார் ஆற்றல் என்று சொல்வது. அங்கும் இங்கும் விசை மட்டும் விசைதான். இரு கரையும் ஒத்துப்போகும் அரிய சொல்லை விட்டுவிட்டுக் குழப்பம் தரும் சொல்லைத் தேடிப் பிடிப்பானேன்?

'களம்' இன்னும் மோசம். களப்பணி, களப்பணியாளர், கள ஆய்வு எல்லாம் இந்தத் துறையில் ஏற்கெனவே வேரூன்றியவை. 'சக்திக் கள ஆய்வு செய்யப் போகிறோம்' என்றால், வீடு வீடாகப் போய்க் கேட்கவேண்டிய கேள்விகள் எங்கே என்றுதான் எவரும் கேட்பார். இதுவோ ஒரே அறையில் உட்கார்ந்து கூடிப் பேசிச் செய்வது. மின்புலம், காந்தப்புலம் என்று பள்ளியிலேயே படித்த சொல் இருக்கிறதே. அதோடு 'புலம்' இங்கே கூடுதலாகவும் பொருந்துகிறது. புலம்பெயர்தல் என்னும்போது அது இடம். புலன், புலப்படுதல் என்னும்போது அறிதல். லெவின் பேசிய புலமும் மனிதருக்குப் புலப்படும் உலகம்தான். மாலைக் கூட்டத்துக்குப் பெண்கள் வராததற்கு இருட்டுப் பாதை ஒரு காரணம் என்று வையுங்கள். அந்தப் பாதையில் இதுவரை அசம்பாவிதம் ஏதும் நடந்ததில்லை என்று பதிவேட்டைக் காட்டிப் பயனில்லை. அவர்களுக்கு அச்சமாக இருக்கிறது. அம்பு வரையப்பட்டே ஆகவேண்டும்.

'ஆய்வு' பொதுச்சொல். பிரித்துப் பார்ப்பதற்குப் 'பகுப்பாய்வு' இருக்கிறது. அவ்வளவுதான்.

என் உண்மையான சண்டை உட்பிரிவுச் சொற்களோடு. தள்ளுவதை 'உந்துவிசை' என்கிறார்கள், நல்லது. தடுப்பதை 'எதிர்விசை' என்கிறார்கள். எதிர்விசை நியூட்டனின் மூன்றாம் விதிக்கு உரியது. லெவின் சொன்ன தடை, உராய்வைப் போன்றது: தானாக எதையும் நகர்த்தாது, நகர முயலும்போது பிடித்து இழுக்கும். 'தடைவிசை' என்பதே சரி. இது வெறும் சொல் நுணுக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. 'எதிர்விசைகளை எழுதுங்கள்' என்றால் ஆட்களின் பெயர்கள் வரிசையாக வரும். யார் யார் எதிரி என்ற பட்டியலோடு கூட்டம் கலையும். 'எவை தடை?' என்று கேட்டால் கூட்ட நேரம், பாதை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று மாற்றக்கூடிய விஷயங்கள் வரும். வள்ளுவரின் 'வலியறிதல்' இருக்கப் புதுச்சொல் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அங்கே எடை போடப்படுவதில் மாற்றான் வலியும் ஒன்று. இங்கே மாற்றான் என்று ஒருவர் இல்லை. ஒரே ஆளின் மனத்திலேயே உந்துதலும் தடையும் இருக்கும்.

உந்துவிசையைக் கூட்டிக்கொண்டே போனால் இறுக்கம்தான் ஏறும், தடையைத் தளர்த்துவதே மேல் என்பது இந்த முறையின் உயிர்நாடி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்க இல்லத்தரசிகள் வழக்கமாக ஒதுக்கும் இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சியைச் சமைக்க வைக்க லெவின் முயன்றார். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள். தங்கள் தயக்கங்களைக் கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். நம் கையேடுகளோ தடைகளை ஒழுங்காக எழுத வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே 'விழிப்புணர்வுப் பிரசாரத்தைத் தீவிரப்படுத்துதல்' என்று செயல்திட்டம் போடுகின்றன. மொழிபெயர்த்தவர் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் படித்திருந்தாலே எங்கோ இடிக்கிறதென்று தெரிந்திருக்கும். வரிக்கு வரி கூலி பெறுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

கையேட்டின் தலைப்பில் 'விசைப்புலப் பகுப்பாய்வு' என்று அச்சிடுங்கள். மக்கள் கூடும் இடத்தில் விரிக்கும் தாளில் அதுகூட வேண்டாம்: இடப்பக்கம் 'தள்ளுவது', வலப்பக்கம் 'தடுப்பது'.