இன்ஜின் பிளாக் பெயின்ட்: டப்பாவில் உள்ள டிகிரி கணக்கு மட்டும் போதாது

இன்ஜினிலிருந்து உரிந்து விழுந்த பெயின்ட் துண்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். என்ன தப்பு நடந்தது என்று அதுவே சொல்லிவிடும். பின்பக்கம் வழவழவென்று இருந்து விரலில் பிசுக்கு ஒட்டினால், அடியில் எண்ணெய் இருந்திருக்கிறது. பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால், துரு பூத்த இரும்பின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) பிளாக்கிலேயே (இன்ஜினின் வார்ப்பு உடலிலேயே) நின்றுவிட்டு மேல் கோட் மட்டும் கழன்று வந்திருந்தால், கோட்டுகளுக்கு நடுவே விட்ட நேரம் சரியில்லை. இல்லாவிட்டால் ஒன்றோடொன்று சேராத இரண்டு பெயின்ட்களைச் சேர்த்திருக்கிறார்கள். வெப்பம் தாங்காமல் கெட்ட பெயின்ட் பெரும்பாலும் நிறம் மங்கி, பழுப்பேறி, பொடிந்து போகும். பிளாக்கில் அப்படி நடப்பது குறைவு.

ஆனாலும் பெயின்ட் வாங்கும்போது முதலில் வரும் கேள்வி "எத்தனை டிகிரி தாங்கும்?" என்பதுதான். 260ஐ விட 650 நல்லது, 650ஐ விட 1000 இன்னும் நல்லது என்று ஒரு கணக்கு ஓடுகிறது. பிளாக்கைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழ்.

தண்ணீரால் குளிரும் இன்ஜினில் கூலன்ட் 85 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் ஓடுகிறது. பிளாக்கின் வெளிச்சுவரும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டிய இடம் மட்டும் இன்னும் கூடுதலாகச் சுடும். பல நூறு டிகிரி ஏறுவது அந்தப் புகையை வாங்கிச் செல்லும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதற்குத் தனி பெயின்ட். பிளாக்குக்குத் தொடர்ந்து 150 டிகிரியும், கொஞ்ச நேரத்துக்கு 200 முதல் 260 வரையும் தாங்கினால் தாராளம்.

அப்படியானால் 650 டிகிரி சைலன்சர் பெயின்ட்டை பிளாக்கில் அடித்தால் என்ன? அதில் இருப்பது சிலிகான் ரெசின். 200 டிகிரிக்கு மேல் படிப்படியாகச் சுட்டால்தான் அது முழுசாக இறுகும். மேனிஃபோல்டில் அடித்தால் இன்ஜின் சூடே அந்த வேலையைச் செய்துவிடும். பிளாக் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. அதனால் பெயின்ட் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் இறுகியிருக்காது. பெட்ரோல் பட்ட துணியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் கறுப்பு துணியோடு வந்துவிடும். பிளாக் பெயின்ட்டுக்கு உண்மையான எதிரி சூடு இல்லை. இன்ஜின் ஆயில், எரிபொருள், கூலன்ட், பிரேக் ஆயில், கழுவும்போது பிசுக்கு நீக்கப் பயன்படும் டிகிரீசர் ஆகியவைதான். கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: இறுகிய பிறகு இவற்றை எல்லாம் தாங்குமா?

அந்தக் கேள்விக்குத் தேறி வருபவை இரண்டு வகை. ஒன்று, இன்ஜினுக்கென்றே வரும் எனாமல், பெரும்பாலும் ஸ்பிரே கேனில். அடிக்கச் சுலபம், பழுது பார்க்கவும் சுலபம். வண்டியிலிருந்து கழற்றாமல் அடிக்கும் இன்ஜினுக்கு இதுவே போதும். இரண்டாவது, ஹார்டனர் (பெயின்ட்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரும் அதன் மேல் பாலியூரித்தேன் மேல் கோட்டும். முழுசாகப் பிரித்து ரீபில்டு செய்யும் பிளாக்குக்கு எங்கள் தேர்வு இதுதான். எண்ணெயையும் பெட்ரோலையும் எனாமலை விட நன்றாகத் தாங்கும். பிரேக் ஆயில் சிந்தினால் உடனே துடைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் தொடர் வெப்ப அளவு 120 டிகிரிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எக்ஸாஸ்ட் போர்ட் ஓரத்தில் மட்டும் இது பழுப்பேறலாம். பாலியூரித்தேனுக்கான ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சாதாரணத் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்பிரே செய்ய வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை ஆஸ்துமா பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும்.

கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் இங்கே வேண்டாம். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் போட்டாலும், மேல் கோட்டில் கலக்கும் கரைப்பானான டின்னர் அடியிலுள்ள அதைக் கிளப்பிச் சுருக்கம் விழ வைக்கும்.

இனி சுத்தம் செய்யும் வேலை. பெயின்ட் அடிக்க ஒரு மணி நேரம் ஆனால் இதற்கு ஒரு நாள் ஆகும், ஆகட்டும். முதலில் கசிவை நிறுத்துங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் அடைப்பு) வழியாக ஆயில் வடிந்துகொண்டிருக்கும்போது எந்த பெயின்ட்டும் நிற்காது. டீசலோ மண்ணெண்ணெயோ விட்டுக் கழுவுவது பல இடங்களில் வழக்கம். அழுக்கு போகும், ஆனால் அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். கடைசிக் கழுவல் தண்ணீரில் கரையும் டிகிரீசரும் வெந்நீருமாக இருக்கட்டும். சோதிப்பது எளிது: தண்ணீர் தெளித்தால் தாள் விரித்த மாதிரி ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

வார்ப்பிரும்பு ஒரு தந்திரக்காரன். அதன் நுண்துளைகளிலும் கிராஃபைட்டிலும் ஆயில் ஊறி ஒளிந்திருக்கும். குளிர்ந்த பிளாக் பளிச்சென்று தெரியும். ஹீட் கன்னால் 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் உள்ளிருந்து ஆயில் வியர்த்து வெளியே வரும். பெயின்ட் டின்னரிலோ கிரீஸ் நீக்கியிலோ நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். அதற்கு முன் ஹீட் கன்னை அணைத்துத் தள்ளி வைத்து, பிளாக்கையும் ஆற விடுங்கள். துணியில் மஞ்சள் கறை வராத வரைக்கும் சூடாக்குவதும் துடைப்பதும் தொடர வேண்டும். கழுவிய பிறகு நேரம் வீணாக்கக் கூடாது. வெற்று இரும்பு சில நிமிடங்களிலேயே துரு பூக்கத் தொடங்கிவிடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதி, லேசான சூட்டில் உலர்த்தி, அன்றைக்கே முதல் கோட் போட்டுவிடுங்கள்.

பழைய பெயின்ட்டை எடுக்க கம்பி பிரஷும் 180 எண் உப்புத்தாளும் போதும். மணல் பிளாஸ்டிங் செய்வதானால் முழுசாகப் பிரித்த பிளாக்குக்கு மட்டும். ஆயில் பாதைகளில் தங்கும் ஒரு பொடி மணல் போதும், பேரிங்கைத் தின்றுவிடும். அலுமினியம் பிளாக்காக இருந்தால் காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் பக்கமே போகாதீர்கள், உலோகத்தையே அரித்துவிடும். அலுமினியத்தில் எபாக்ஸி பிரைமரோ, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரோ இல்லாமல் எனாமல் நேராகப் பிடிக்காது. எட்ச் பிரைமர் மேல் எபாக்ஸி போடலாமா என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். தரவுத்தாளில் அனுமதி இல்லாவிட்டால் போடாதீர்கள்.

பெயின்ட் படக்கூடாத இடங்களை மூடும் மாஸ்கிங்கில் அவசரப்பட்டால் பெயின்ட் நன்றாக இருக்கும், இன்ஜின் கெடும். கேஸ்கெட் உட்காரும் முகங்கள், கிளட்ச் ஹவுசிங் சேரும் முகம், மரை உள்ள துளைகள், சென்சார்கள், டைமிங் குறிகள் எல்லாவற்றையும் மூடுங்கள். போல்ட் தலையும் வாஷரும் அமரும் இடத்தில் பெயின்ட் இருந்தால், சூட்டில் அது நசுங்கி போல்ட்டின் இறுக்கம் குறையும். எர்த் ஒயர் பூட்டும் இடத்திலும் ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் முகத்திலும் உலோகம் வெளியே தெரிய வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றுகிறது என்று பேட்டரியை மாற்றிப் பார்ப்பவர்கள், முதலில் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கலாம். இன்ஜின் எண் பொறித்த இடத்தையும் மூடுங்கள், எண்ணைத் தடித்த பெயின்ட் நிரப்பிவிட்டால் ஆவணச் சோதனையில் தொல்லை.

அடிக்கும்போது கேனை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். மெல்லிய கோட்டுகள் 2 அல்லது 3, நடுவே சுமார் 10 நிமிடம். ஒரே தடவையில் தடியாக அடித்தால் மேல்தோல் காய்ந்து, கரைப்பான் உள்ளே சிக்கி, முதல் சூட்டிலேயே கொப்புளமாகும். பிரைமரும் சேர்த்து 60 முதல் 100 மைக்ரான் தடிமன் போதும். மறு கோட் நேரத்தையும் டப்பாவில் பாருங்கள்: பல எனாமல்களில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அடித்தால் அடிக்கோட் வெந்த பாலின் ஆடை மாதிரி சுருங்கும்.

ஒரு பழைய இரும்புத் தகட்டையும் கூடவே சுத்தம் செய்து, அதே நாளில் அதே பெயின்ட்டை அதே கோட்டுகளில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து பெட்ரோலில் நனைத்த பஞ்சை 10 நிமிடம் அதன் மேல் வைத்து எடுத்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிறகு பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டிச் சுண்டி இழுங்கள். ஐஎஸ்ஓ 2409 தரநிலையில் சொல்லும் குறுக்குக் கீறல் சோதனையின் எளிய வடிவம் இது. சதுரங்கள் டேப்போடு வந்தால் பிளாக்கிலும் அதுதான் நடக்கும்.

நிறத்தில் எங்கள் ஓட்டு வெளிர் சாம்பலுக்கு. கறுப்பில் ஆயில் கசிவு தெரியவே தெரியாது; சாம்பலில் ஒரு சொட்டு வடிந்தாலும் கோடு போட்டுக் காட்டும். காற்றால் குளிரும் இன்ஜினில் எந்த நிறமானாலும் கோட் மெல்லியதாக இருக்கட்டும். தடித்துப்போனால் துடுப்புகளிலிருந்து சூடு வெளியேறுவது குறையும்.

எனாமல் முழுசாக இறுக ஒரு வாரம் ஆகலாம். முதல் ஸ்டார்ட்டில் 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி, முழுசாக ஆற விட்டு, மறுபடி 20 நிமிடம் ஓட்டுங்கள். லேசான புகையும் வாடையும் வரும், திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்த ஒரு வாரம் டிகிரீசரோ அழுத்தத் தண்ணீரோ பக்கத்தில் வர வேண்டாம்.