படுக்கைப் புண் உள்ளேருந்துதான் வருது

ஸ்ட்ரோக் வந்தவர ஆஸ்பத்திரில காப்பாத்திடறாங்க, ஐசியூ, வார்டு எல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்துடறார், மூணு நாலு வாரம் கழிச்சு மறுபடி ஜுரம்னு தூக்கிட்டு ஓடறாங்க, அங்க திருப்பிப் பாத்தா வால் எலும்புக்கு மேல உள்ளங்கை அளவுக்கு ஒரு புண்ணு. "நேத்து வரைக்கும் லேசா செவந்துதான் இருந்துச்சு சிஸ்டர், ஒரே ராத்திரில எப்படி இவ்ளோ பெரிசாச்சு?" மும்பைல தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் வீடு வீடா போயி படுத்த படுக்கையா இருக்கறவங்களப் பாத்துக்கற வேலை என்னோடது, இந்தக் கேள்வி காதுல விழாத மாசம் கெடையாது. அவங்க பொய் சொல்லல, நெஜமாவே நேத்து வரைக்கும் வெளிய செவப்பு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா புண்ணு ஒரே ராத்திரில வந்ததில்ல. உள்ள பல நாளா ஆயிட்டிருந்தது வெளிய வந்த நாள்தான் அது.

படுக்கும்போது நம்ம எடை மெத்தை மேல சமமா பரவறதில்ல. சில எலும்பு முட்டுகள் மேலதான் போயி ஒக்காருது. வால் எலும்புக்கு மேல இருக்கற தட்டையான எலும்பு, குதிகால், இடுப்போட பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், தோள்பட்டைக்குப் பின்னாடி, முழங்கை, பின்மண்டை, இதெல்லாம்தான் புண் வர்ற எடங்க. அங்க எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை மாட்டிக்குது. அழுத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கறது தோல் மேலன்னு நெனைப்போம், அப்படி இல்ல, எலும்ப ஒட்டின ஆழத்துலதான். அது போதாதுன்னு, ரத்தம் வராம இருந்தா தோல் தாங்கற அளவுக்கு தசை தாங்காது, அதுக்கு ஆக்சிஜன் தேவை அதிகம். அதனால இந்த மாதிரி ஆழமான புண்ணுல மொதல்ல சாகறது எலும்ப ஒட்டின தசை. சேதம் கவுத்து வெச்ச புனல் மாதிரி, எலும்புகிட்ட அகலமா, தோல்கிட்ட குறுகலா இருக்கும். வெளிய ஒரு ரூபாய் காசு அளவு ஓட்டை தெரியும், ட்ரெஸ்ஸிங் பண்றவங்க உள்ள பாத்தா விரலே போகற அளவுக்கு குழி இருக்கும்.

தோல்ல இருக்கற ரொம்ப சன்னமான ரத்தக் குழாய்ல அழுத்தம் எவ்ளோன்னு 1930ல லேண்டிஸ்ங்கற விஞ்ஞானி நேராவே அளந்தார், ரத்தம் உள்ள வர்ற முனைல சராசரியா 32, வெளிய போற முனைல 12. நம்ம பிபி 120, 80ன்னு சொல்றோமே, அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்குதான். கெட்டி மெத்தைல மல்லாக்கப் படுத்தா குதிகாலுக்கு அடில 32ங்கறது சுலபமா தாண்டிடும். ஆனா 32 தாண்டினதும் புண்ணுன்னு அர்த்தம் இல்ல, ஆளுக்கு ஆள் மாறும், எவ்ளோ நேரம் அழுத்துதுங்கறதும் சேந்துதான் கணக்கு. அழுத்தம் அதிகம்னா கொஞ்ச நேரமே போதும், கம்மின்னா பல மணி நேரம் ஆகும். ரத்தம் நிக்கறது மட்டுமே காரணம்னு முன்ன நெனைச்சிட்டிருந்தாங்க, இப்ப தெரிஞ்சது என்னன்னா நசுங்கி உருமாறின செல்லு ரத்தம் இருந்தாலும் செத்துப்போகும், அதுவும் ரொம்ப நசுங்கினா மணிக்கணக்கு கூட வேணாம்.

அப்ப நம்ம ஏன் தெனமும் ராத்திரி படுத்து காலைல நல்லா எந்திரிக்கறோம்? தூக்கத்துல நம்மளே தெரியாம பொரண்டுட்டே இருக்கறதாலதான். 1961ல இங்கிலாந்துல வயசான நோயாளிங்க ராத்திரில எத்தன தடவ அசையறாங்கன்னு கருவி வெச்சு எண்ணினாங்க, 50 தடவைக்கு மேல அசைஞ்சவங்களுக்கு புண் வரல, 20க்கும் கம்மியா அசைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வந்துச்சு. சதை மரத்துப்போச்சுன்னு நரம்பு சொல்லும், மூளை ஒடம்ப கொஞ்சம் நகத்தும், இவ்ளோதான் விஷயம். ஸ்ட்ரோக், தண்டுவட அடி, ரொம்ப நாள் சுகர்ல நரம்பு போனவங்க, மயக்க மருந்துல இருக்கறவங்க, இவங்களுக்கு அந்த சேதியே போகாது, இல்ல போனாலும் நகர முடியாது. வலிக்குதுன்னு சொல்ல மாட்டேங்கறாரே, அதனால ஒண்ணும் இல்லன்னு வீட்ல நெனைக்கறாங்க. வலிக்காததுதான் இங்க ஆபத்தே.

நரம்பு போனாலே புண் வந்தே தீரும், ஒண்ணும் செய்ய முடியாதுன்னு 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல சார்கோ மாதிரி பெரிய டாக்டர்களே நம்பினாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே 1853ல ப்ரவுன் செகார்ங்கற விஞ்ஞானி தண்டுவடம் வெட்டின விலங்குகள வெச்சு, அழுத்தம் இல்லாமலும் சுத்தமாவும் பாத்துக்கிட்டா புண் வராதுன்னு காட்டியிருந்தார். பேரு பெரிசா இருந்தவர் பேச்சுதான் எடுபட்டுச்சு. 1944ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில லுட்விக் குட்மான் தண்டுவட வார்ட ஆரம்பிச்சு, போர்ல அடிபட்ட ஒவ்வொருத்தரையும் ராப்பகலா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும்னு கறாரா நின்னார். அதுக்கு முன்னாடி வரைக்கும் இந்த அடிபட்டவங்க பெரும்பாலும் புண்ணாலயும் மூத்திரத் தொற்றாலயும் ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்குல வாழ ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நம்ம வார்டுல நர்ஸ் சொல்ற ரெண்டு மணி நேரம் பிரபலமானது அந்த வார்டாலதான்.

இப்ப வீட்ல என்ன பண்றதுன்னு பாப்போம். காலைல ஒடம்பு தொடைக்கறப்போ செவந்த எடத்த விரலால ஒரு மூணு செகண்டு அழுத்திட்டு எடுங்க. வெளுத்து மறுபடி செவந்தா குழாய் இன்னும் வேலை செய்யுது, அந்தப் பக்கம் படுக்க விடாம பாத்துக்கிட்டா சரியாயிடும். அழுத்தியும் வெளுக்கலன்னா அது வெறும் செவப்பு இல்ல, மொதல் கட்டப் புண்ணு, தோல் முழுசா இருந்தாலும் சரி. நம்ம ஊர் கறுப்புத் தோல்ல இந்த செவப்பு பளிச்சுன்னு தெரியாது, அதனால புறங்கையால தொட்டுப் பாக்கணும், சுத்தி இருக்கற எடத்த விட சூடாவோ, கெட்டியாவோ, இல்ல கொழகொழன்னோ இருக்கான்னு. ஊதா நெறத்துல ரத்தம் கட்டின மாதிரி இருந்தா அது உள்ள ஆழமா ஆயிடுச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும்.

திருப்பறதுல ஒரு முறை இருக்கு. பத்துக்குப் பத்து கோலில, அதாவது ஒத்த ரூம் வீட்ல, கட்டில் போட எடம் இல்லாம தரைல மெத்தை போட்டுத்தான் பாதி வீட்ல படுக்க வெச்சிருப்பாங்க, பரவால்ல, அதுலயும் முடியும். பழைய காட்டன் பெட்ஷீட்ட நாலா மடிச்சு தோள்லேருந்து தொடை வரைக்கும் வர்ற மாதிரி அடில போட்டுடுங்க, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் மண்டி போட்டு ஷீட்ட ஒடம்ப ஒட்டி சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி தூக்கி நகத்தணும். அக்குள்ல கை குடுத்து இழுக்கவே கூடாது, தோல் மெத்தைல ஒட்டிக்கும், எலும்பு மட்டும் நகரும், நடுவுல குழாயெல்லாம் முறுக்கிக்கும். முழுசா ஒருக்களிச்சு 90 டிகிரில படுக்க வெச்சா இடுப்பு எலும்பு நேரா குத்தும். அதனால முதுகுக்குப் பின்னாடி தலகாணி வெச்சு 30 டிகிரி சாய்ச்சாலே போதும், எடை பிட்டத்து சதை மேல எறங்கும். கெண்டைக்கால் முழுக்க அடில ஒரு தலகாணி நீளவாக்குல வெச்சீங்கன்னா குதிகால் மெத்தைல படாம அந்தரத்துல நிக்கும், ஒரு பேப்பர உள்ள விட்டா தடையில்லாம போகணும்.

ராத்திரி முழுக்க ரெண்டு மணிக்கொரு தடவ எந்திரிச்சு, காலைல லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வேலைக்குப் போறவங்களோட கஷ்டம் எனக்குத் தெரியும். அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்கள்ல செஞ்சு 2013ல வந்த ஆய்வுல, நல்ல ஹை டென்சிட்டி ஃபோம் மெத்தைன்னா 2, 3, 4 மணி நேரம்னு எதுல திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியல. அதனால தோல் நல்லாருக்கற ஆளுக்கு, நல்ல மெத்தை இருந்தா, ராத்திரில இடைவெளிய கொஞ்சம் நீட்டலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. குழி விழுந்த பஞ்சு மெத்தைக்கு இது பொருந்தாது.

ட்யூப்ல சாப்பாடு போறவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. தலைய 30லேருந்து 45 டிகிரி வரைக்கும் தூக்கி வெச்சாதான் பால் மேல ஏறி நுரையீரலுக்குப் போகாது, ஆனா தூக்கி வெச்சா ஒடம்பு மெல்ல கீழ வழுக்கும், வழுக்கறப்போ வால் எலும்புகிட்ட அந்த முறுக்கல். ரெண்டையும் சமாளிக்க, மொதல்ல முழங்காலுக்கு அடில தலகாணி வெச்சுட்டு அப்புறம் தலைய தூக்குங்க, ஃபீட் முடிஞ்சு முக்காமணி ஒரு மணி நேரம் கழிச்சு 30க்குக் கீழ எறங்கலாமான்னு டாக்டர் சொல்றபடி எறக்குங்க. நாள் பூரா சேர்ல ஒக்கார வெச்சா நல்லதுன்னு நெனைக்கறவங்களும் இருக்காங்க, ஒக்காந்தா எடை இன்னும் சின்ன எடத்துல எறங்குது, அதனால அப்பப்ப சாய்ச்சு எடுக்கணும்.

அப்புறம் ஈரம். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் மும்பைல துணி காயாது, ஃபேன் காத்தே பிசுபிசுன்னு இருக்கும், ஊறின தோலு தேய்ச்சாலே பிஞ்சு வரும். தோலோட மேல்பக்கம் இயற்கையாவே லேசான புளிப்பு, பிஹெச் 5 பக்கம், அந்தப் புளிப்புதான் கிருமிய தள்ளி வெக்குது. மூத்திரத்துலேருந்து வர்ற அம்மோனியா அந்தப் புளிப்ப போக்கி காரத்தன்மையாக்கும், மலத்துல இருக்கற செரிமான என்சைமுக்கு அப்ப இன்னும் வேகம் வரும், தோலையே தின்னும். துணி சோப்ப போட்டு அழுத்தித் தேய்ச்சா அந்தக் காரம் இன்னும் ஏறும். வெதுவெதுப்பான தண்ணி, மென்மையான சோப்பு, ஒத்தி ஒத்தி தொடைக்கறது, மேல சிங்க் ஆக்ஸைடு க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசா ஒரு படலம், இது போதும். டயப்பர் கனமாகற வரைக்கும் காத்திருக்காதீங்க, மலம் போனா அப்பவே மாத்துங்க. பவுடர் வேணாம், ஈரத்துல கட்டியாகி மடிப்புல உறுத்தும். டயப்பருக்கு பதிலா யூரின் ட்யூப் போட்டவங்களுக்கு பேக்க எப்பவும் மூத்திரப்பைக்குக் கீழ வெச்சு, தரைல படாம தொங்க விடுங்க, மேல தூக்கினா பழைய மூத்திரம் திரும்ப உள்ள ஓடும்.

நல்லதுன்னு நெனைச்சு செய்யற சில விஷயத்த மனசார நிறுத்தச் சொல்றேன். செவந்த எடத்த ஸ்பிரிட் போட்டு தேய்க்கறது ரொம்ப நாளா நடந்த பழக்கம், ஆனா ஏற்கெனவே நசுங்கின சதைய தேய்ச்சா இன்னும் கிழியும். காத்து அடைச்ச ரப்பர் ரிங் மேல ஒக்கார வெச்சா ரிங்கோட விளிம்பு சுத்தி அழுத்தி, நடுவுல இருக்கறதுக்கு ரத்தமே போகாது. க்ளவுஸ்ல தண்ணி ரொப்பி குதிகாலுக்கு வெக்கறதும் அப்படித்தான், அழுத்தம் கொறையாது. ஏர் பெட் நல்ல சாமான், மோட்டார் சில நிமிஷத்துக்கொரு தடவ அறை அறையா காத்த மாத்தும், ஆனா அது மேல ரப்பர் ஷீட்டு, கம்பளி, ரெண்டு டயப்பர்னு அடுக்கினா காத்து மாறறது ஒடம்புக்குத் தெரியவே தெரியாது. ஏர் பெட் இருக்குன்னு திருப்பாம விட்டுடவும் முடியாது.

வாய யாரும் பாக்கறதில்ல, இதச் சொல்லாம விட மனசு வரல. வாயால சாப்பிடாதவருக்கு எச்சில் கொறைஞ்சு நாக்குல வெள்ளையா படியும், அந்தக் கிருமி தூக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா நுரையீரலுக்கு எறங்கும். ஜப்பான்ல 11 முதியோர் இல்லத்துல சாப்பாட்டுக்கு அப்புறம் பல் தேய்ச்சு விட்டுப் பாத்து 1999ல எழுதினாங்க, தேய்ச்சு விட்டவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு நிமோனியா, மத்தவங்கள்ல 19 சதவீதம். ஒரு சின்ன மென்மையான ப்ரஷ்தான் செலவு. மயக்கத்துல இருக்கறவர பக்கவாட்டுல திருப்பி, தண்ணி நல்லா பிழிஞ்ச துணிய விரல்ல சுத்தி தொடைங்க, தண்ணி ஊத்தாதீங்க.

சாப்பாட்டுல பருப்புத் தண்ணியும் கஞ்சித் தண்ணியும்தான் நெறைய வீட்ல குடுக்கறாங்க, அதுல புரோட்டீன் ரொம்பக் கம்மி. புண் வந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.25லேருந்து 1.5 கிராம் வரைக்கும் தெனம் வேணும், 50 கிலோ ஆளுன்னா 62லேருந்து 75 கிராம். ஒரு முட்டைல கிட்டத்தட்ட 6 கிராம்தான், அதனால பருப்ப மசிச்சு, தயிர், முட்டை, மீன்னு நாள் பூரா பிரிச்சுத்தான் குடுக்கணும். கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர கேக்காம ஏத்தாதீங்க.

புண்ணு தொறந்துட்டா நார்மல் சலைன்ல கழுவறதுதான் வழக்கம், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி நுரை வர்றதப் பாத்து சந்தோஷப்படாதீங்க, புதுசா வளர்ற செல்லையும் அது கொல்லும். நாத்தம், சீழ், சுத்தி செவப்பு பரவறது, ஜுரம், திடீர்னு கொழப்பமா பேசறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. குதிகால்ல கறுப்பா, காஞ்சு, கெட்டியா ஒட்டியிருக்கற பொருக்க வீட்ல பிக்கக் கூடாது. வாரத்துக்கொரு தடவ புண்ணுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேல வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துல, அதே கோணத்துல போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ஆறுதா பெருசாகுதான்னு டாக்டர் கேக்கறப்போ நெனைவுலேருந்து சொல்றத விட, ஸ்கேல்ல தெரியற சென்டிமீட்டர் அவருக்கு நேரா பதில் சொல்லிடும்.