பழைய குரூப்போடு மறுபடி சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்களுக்கு

திங்கட்கிழமை காலையில் முட்டியைத் தடவிக்கொண்டு ஒருவர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால், பாதிக் கதையை அவரைக் கேட்காமலே நான் சொல்லிவிடுவேன். ஒன்றரை வருடமாக சைக்கிளைத் தொடவில்லை. குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும், இல்லை சும்மாவே விட்டுப்போயிருக்கும். வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை ராத்திரி யாரோ "மச்சி, நாளைக்கு மகாபலிபுரம், வாடா" என்று போட, டயருக்குக் காற்றடித்து, விடியற்காலை நாலரைக்குச் சென்னை திருவான்மியூரில் போய் நின்று, போகவர நூறு கிலோமீட்டர் பக்கம் ஓட்டி, நடுவில் பொங்கல் வடையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்து, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் என்னிடம் வருகிறார்.

இந்த வாரமும் அப்படி ஒருவர். கையில் எம்ஆர்ஐ கவர் வேறு, யாரும் எழுதிக் கொடுக்காமல் அவராகவே போய் எடுத்தது. நாற்பது தாண்டிய யாருடைய முட்டியைப் படம் எடுத்தாலும் அதில் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைப் படித்துவிட்டு "தேய்மானமாம் சார்" என்று சோர்ந்து உட்கார்ந்தவருக்கு ஆறுதல் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விட்டது.

இவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரு வசனம் பேசுவார்கள்: "சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா மறக்காது சார்." சரி, மறக்காது. யார் இல்லை என்றது? விழாமல் ஓட்டுவது மூளை கற்றுக்கொண்ட வித்தை, பத்து வருடம் கழித்து ஏறினாலும் கூடவே வரும். ஆனால் நீங்கள் விழுந்து அடிபட்டு என்னிடம் வரவில்லையே, நன்றாக ஓட்டித்தான் வந்திருக்கிறீர்கள். ஓட்டத் தெரிவது வேறு, நாலு மணி நேரம் ஓட்டினால் உடம்பு தாங்குவது வேறு. பயிற்சியை விட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் அளவும் அதோடு குறைகிறது. சில மாதங்களில் பழைய தம்மில் நல்ல பங்கு போய்விடும்.

இதைச் சொன்னால் அடுத்த வாதம் தயாராக இருக்கும்: "மசில் மெமரி இருக்குல்ல?" இருக்கிறது. முன்பு நன்றாக ஓட்டியவருக்குப் புதிதாக ஆரம்பிப்பவரைவிட தசை பலமும் தம்மும் சீக்கிரம் திரும்பும். சிக்கலே அதுதான். தசையை எலும்போடு கட்டிப் பிடிக்கும் தசைநாண் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரம் "பழைய ஃபார்முக்கு வந்துட்டேன்" என்று தொடை சொல்லும், முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் நாண் இன்னும் தயாராகியே இருக்காது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் நாலு மணி நேரத்தில் ஒரு முட்டி 19,200 முறை மடங்கி நீள்கிறது. அதுவும் நம் ஆட்கள் கௌரவத்துக்காகப் பெரிய கியரிலேயே மிதிப்பவர்கள். கியரைக் குறைத்து வேகமாகச் சுற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் விழும் சுமை குறையும். இதை எத்தனை முறை சொன்னாலும் கியரைக் குறைப்பது தோல்வி என்றே நினைக்கிறார்கள்.

தனியாக ஓட்டினால் இவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் உடம்பே திருப்பிவிட்டிருக்கும். குரூப்பில் அது நடக்காது. முன்னால் நாலு பேர் காற்றைக் கிழித்துப் போகும்போது பின்னால் வருபவருக்குக் கால் பங்குக்கு மேல்கூட உழைப்பு மிச்சமாகும். 28 கிலோமீட்டர் வேகம் சுகமாக இருக்கும், பேச்சு வேறு சுவாரஸ்யமாக ஓடும். வழியில் வரும் முட்டுக்காடு பாலம் தாண்டியதே தெரியாது. திரும்பும்போதுதான் குரூப் உடையும். கோவளத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ கழன்று தனியாகி, வெயில் ஏறிய பிறகு காற்றோடு மல்லுக்கட்டி, மீதிக் கிலோமீட்டர்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிறீர்களே, முட்டி போவது அங்கேதான். பழகிய ரோடு, பழகிய ஆட்கள் என்பதால் பழைய வேகத்தைத்தான் மனசு நியாயமான வேகமாக எடுத்துக்கொள்கிறது. புது ஊரில் புது ஆட்களோடு ஓட்டும்போது இவர்களே எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் தெரியுமா?

இன்னொன்று. அந்தக் காலத்தில் நண்பன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஓட்டியிருப்பீர்கள். இப்போது அந்த நிதானம் கையில் இருக்காது. உங்கள் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்தில் உரசினால் பெரும்பாலும் அவன் போய்விடுவான், விழப்போவது நீங்கள்தான். கையை ஊன்றி விழுந்து காறை எலும்பு உடைந்து வருபவர்கள் தனி வரிசை. ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள், பக்கவாட்டில் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓட்டாதீர்கள்.

கிளம்பும் முன் சீட் உயரத்தைப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் மச்சினனோ பையனோ ஓட்டியிருப்பான், சீட்டை இறக்கியிருப்பான், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், பாதத்தின் முன்பகுதியை வைக்கும்போது லேசாக மடங்க வேண்டும். சரியான இடத்தில் ஒரு டேப் சுற்றி வைத்தால் முடிந்தது. டயரில் வெடிப்பு, பிரேக் கட்டை, முன்பு விழுந்து அடிபட்ட ஹெல்மெட், இதையெல்லாமா நான் சொல்ல வேண்டும்? மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் நீ கேப் எதையும் சரிசெய்யாது, அதை மாட்டிக்கொண்டு இன்னும் முப்பது கிலோமீட்டர் மிதிக்கிற தைரியத்தைத்தான் கொடுக்கும்.

முதல் சில வாரம் முட்டுக்காடு வரை போய்த் திரும்புங்கள். மகாபலிபுரம் எங்கேயும் போய்விடாது. வார நாட்களில் இரண்டு முறையாவது முக்கால் மணி நேரம் தனியாக ஓட்டுங்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். திரும்பி வந்த மாதமே 200 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடுக்கு, பேர் கொடுக்காதீர்கள். பதிமூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்களே என்கிறார்கள். பதிமூன்றரை மணி நேரமும் அந்த முட்டிதானே மிதிக்க வேண்டும்? குடிக்கிற தண்ணீரில் உப்பு இருக்கட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், நாம் வியர்வையில் இழக்கும் சோடியம் அதில் குறைவு. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று பையில் கிடந்தால் நஷ்டமில்லை.

ரைடு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்" என்று போஸ்ட் போட்டுவிட்டு, திரும்பும்போது கடைசி ஆள் எங்கே என்றே தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவரோடு, பாதியில் திரும்பத் தயாராக இருக்கிற ஒருவரை அனுப்புங்கள். தனியாகத் திரும்ப வெட்கப்பட்டுத்தான் நிறையப் பேர் கடைசிவரை மிதிக்கிறார்கள். "அவ்ளோதானாடா?" என்று கேலி செய்கிற அந்த ஒரு நண்பரையும் கொஞ்சம் கவனியுங்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய், ரைடு முடிந்து ஓரிரு நாளாகியும் சரியாகவில்லை என்றால், ஹேண்டில்பாரில் நரம்பு நசுங்கியிருக்கலாம். தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவதும் அதே மாதிரிதான், அதை மூன்று மாதம் கழித்துக் கூச்சத்தோடு சொல்லாதீர்கள், முதல் வாரமே சொல்லுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி, இது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் விஷயம். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே இறங்கி 108 கூப்பிடுங்கள். வாயு என்று சோடா தேடிப் போகாதீர்கள்.

காய்ச்சல் வந்து எழுந்தவர்கள், டெங்குவோ சாதாரண வைரஸோ, அந்த ஞாயிறும் வேண்டாம், அடுத்த ஞாயிறும் வேண்டாம். சில காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும், அந்த நேரத்தில் மூச்சு முட்ட மிதிப்பது உயிருக்கே ஆபத்து. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வாருங்கள். அதுவரை உங்களுக்கும் சேர்த்துப் பொங்கலை குரூப் ஆட்கள் சாப்பிடட்டும்.